உயிரோடு இருக்கிறவரின் செத்தவீடு

மகனே,

சுகம் கேட்கிற வரியை இந்தக் கடிதத்தில் விட்டுவிட்டேன். போன சனிக்கிழமை காலையில், பேசாலையில் நம்முடைய வீட்டில், உன் அப்பாவுக்குச் செத்தவீடு நடந்தது. அவர் அந்த நேரம் விறாந்தைக் கதிரையில் இருந்து தேத்தண்ணீரில் பிஸ்கற்றைத் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இதைப் போனில் சொல்லி முடிக்க நீ என்னை விடவில்லை. பாதியில் போனை வைத்தது நான்தான், ஏன் வைத்தேன் என்பதையும் கீழே எழுதுகிறேன். கடிதம் என்றால் நீ குறுக்கே கதைக்க முடியாது, அதனால்தான் எழுதுகிறேன். மூடி ஒட்டி அனுப்பப் போவதும் இல்லை. இங்கே உங்கள் அமைப்புக்கு வேலை செய்கிற அந்தப் பெண்பிள்ளையிடம் கொடுத்து, பக்கம் பக்கமாகப் படம் எடுத்து உனக்கும் உன் கமிட்டியில் இருக்கிற எல்லாருக்கும் அனுப்பச் சொல்லப் போகிறேன். உன் அப்பாவின் முகத்தை மதிலுக்கு மதில் ஒட்டினவர்கள் நீங்கள். உன் அம்மாவின் கோபத்தை நாலு பேர் வாசிப்பதால் உங்களுக்கு ஒரு நட்டமும் வந்துவிடாது.

உன் கமிட்டிக்காரருக்காக முதலில் இருந்தே சொல்கிறேன். உன் அப்பா சூசைப்பிள்ளை வாழ்நாள் முழுக்கக் கடல்தொழில் செய்தவர். சில வருடங்களாக மறதி நோய், நீங்கள் டிமென்ஷியா என்று சொல்கிறது. முதலில் சாமான் வைத்த இடம் மறந்தது. பிறகு வீட்டுக்கு வருகிற வழி மறந்தது. இப்போது சில நேரம் என்னைத் தன் அம்மா என்று நினைத்து, பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அடம்பிடிக்கிறார். லண்டனில் இந்த நோய்க்காகக் காசு சேர்க்கிற, சனத்துக்கு விளக்கம் சொல்கிற ஓர் அமைப்பில் நீ சேர்ந்துவிட்டாய் என்று கேள்விப்பட்டபோது நான் உண்மையாகவே சந்தோஷப்பட்டேன். ஊரில் யாரும் இதை ஒரு நோய் என்று நம்பவில்லை. குடித்த குடிதான் என்றாள் ஒருத்தி. செய்வினை என்றாள் இன்னொருத்தி. மடு மாதாவுக்கு வைத்த நேர்த்தியை முடிக்காமல் விட்டிருப்பார் என்றார் ஒரு பெரிய மனிதர். படித்த யாராவது வந்து இது மூளையில் வருகிற வருத்தம் என்று மைக்கைப் பிடித்துச் சொல்லமாட்டார்களா என்று நான் ஏங்கிக் கிடந்தேன். அதனால் பேசாலைக் கோயில் முன்றலில் இருந்து ஒரு விழிப்புணர்வு நடை தொடங்கப் போகிறது என்று நீ சொன்னபோது எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. கோயிலில் பூசை முடிய அறிவிக்கச் சொல் என்றேன். நோட்டீஸ் ஒட்டினால் போதும் என்றாய். அப்பாவை முன்வரிசையில் நடக்க விடச் சொன்னாய். சனக்கூட்டம் கண்டால் அவருக்கு நடுக்கம் வரும், சரிவராது என்றேன். "சரி அம்மா, அப்ப படத்தை மட்டும் போடுவம்" என்றாய். படம் என்றால் ஏதோ ஒரு மூலையில் சின்னதாக வரும் என்று நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் மன்னார் பஸ் நிலையத்தில் தொடங்கிப் பேசாலை வரைக்கும் ஒட்டியிருக்கிறார்கள். அவரைத் தனியே விட்டுவிட்டு நான் படலைக்கு வெளியே போவதில்லை, அதனால் எனக்குத் தெரியாது. கறுப்பு வெள்ளையில் உன் அப்பாவின் படம். பக்கத்தில் எரிகிற மெழுகுதிரி. மேலே பெரிய எழுத்தில் சூசைப்பிள்ளை என்று பெயர். கீழே, உங்களை நாங்கள் ஒருநாளும் மறக்கமாட்டோம். அதற்கும் கீழே சனிக்கிழமை காலை, கோயில் முன்றல், அனைவரும் வருக. நோயின் பெயர் கடைசி அடியில், மூக்குக்கண்ணாடி போட்டாலும் தெரியாத எழுத்தில். நீ இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவன். மதிலில் இப்படி ஒன்றைக் கண்டால் நம் சனம் நின்று பொடி எழுத்தை வாசிக்குமா? நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய் செத்தவீட்டுக்குப் போட வெள்ளைச் சேட்டை அல்லவா தேடும்? அதைவிட எனக்கு வயிறு எரிகிற விசயம், அந்தப் பெண்பிள்ளை உனக்கு முதலே சொல்லியிருக்கிறாள். என் முன்னால் நின்று அழுதுகொண்டு சொன்னாள்: "அன்ரி, இது அஞ்சலி நோட்டீஸ் மாதிரிக் கிடக்கு எண்டு நான் அண்ணாவுக்குச் சொன்னனான். மெழுகுதிரி நம்பிக்கையின்ர அடையாளம், எல்லா நாட்டிலயும் இதைத்தான் போடுறம், மாத்தேலாது எண்டிட்டார்." கண்டறியாத அடையாளம்! லண்டனில் அது எதற்கு அடையாளமோ எனக்குத் தெரியாது. இங்கே அந்தப் படத்துக்குப் பக்கத்தில் மெழுகுதிரி வைத்தால் ஆள் முடிந்துபோனார் என்று அர்த்தம். இங்கே இருக்கிறவள் சொன்னதை நீ காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை விடிந்து கொஞ்ச நேரத்தில் உன் தோட்டவெளி மாமி, அப்பாவின் தங்கச்சி, ஓட்டோவில் தலைவிரிகோலமாக வந்து இறங்கினாள். அவள் முதல்நாளே எனக்குப் போன் எடுத்திருக்கிறாள். போனை உன் அப்பா எங்கேயோ ஒளித்துவைத்துவிட்டார், அலுமாரிக்குள் பழைய வலைத்துண்டுக்கு நடுவில் பிறகுதான் கிடைத்தது. படலையைத் தள்ளும்போதே அவள் ஒப்பாரியைத் தொடங்கிவிட்டாள். "என்ர அண்ணோய், எனக்கொரு சொல்லுச் சொல்லாமப் போட்டியளே!" என்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டு விழுந்தாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவளுக்குப் பின்னால் அயலட்டை எல்லாம் வந்தது. அப்பாவோடு ஒரே படகில் போன பவுல் மாமா தன் ஆட்களோடு வந்தார். செத்தவீடு என்றால் நம் ஆட்கள் கடலில் இறங்குவதில்லை. அப்பாவுக்காக அன்றைக்குப் படகுகளைக் கரையில் இழுத்துவிட்டு வந்திருந்தார்கள். முற்றம் நிறைந்த பிறகுதான் ஒருவர் விறாந்தைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். மலர்வளையம் கொண்டுவந்தவர் அதை முதுகுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தார், அது அவருடைய முதுகைவிடப் பெரிதாக இருந்தது. வேறு வீடாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

உன் அப்பா பிஸ்கற்றை வைத்துவிட்டு எழும்பி வந்தார். "ஆரு மோசம் போனது?" என்று கேட்டார். மாமிதான், மதிலில் இருந்து கிழித்துக்கொண்டு வந்த நோட்டீஸை நீட்டி, "சூசைப்பிள்ளை எண்டெல்லோ போட்டுக்கிடக்கு" என்று விக்கி விக்கிச் சொன்னாள். கண்ணாடியில் தெரிகிற முகத்தையே இப்போது யாரோ என்று நினைக்கிற மனிதர் அவர். வாங்கிப் பார்த்தார், அந்தப் படத்தை விரலால் தடவினார். "சூசையோ? ஐயோ, அவன் நல்ல பெடியனல்லோ! ஆருக்கும் ஒரு கரைச்சல் குடுக்காதவன்" என்று சொல்லி, நோட்டீஸை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அழுதார். அவருடைய அம்மா செத்தபோதும் அப்படி அழவில்லை. மகனே, ஒரு மனிதன் தன்னுடைய சாவுக்குத் தானே இருந்து அழுவதை நான் கண்ணால் பார்த்தேன். பிறகு அவர் உள்ளே போய் வெள்ளைச் சேட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். நாளாந்தம் நான் போட்டுவிடுகிற பொத்தான்களை அன்றைக்குத் தானே சரியாகப் போட்டிருந்தார். கதிரைகளை இழுத்துப் போட்டு, "வாங்கோ, இருங்கோ" என்று ஒவ்வொருவருடைய கையையும் பிடித்தார். நோய் அவரிடம் இருந்து எவ்வளவோ எடுத்துக்கொண்டுவிட்டது, செத்தவீட்டில் எப்படி நடந்துகொள்வது என்பதை மட்டும் எடுக்கவில்லை.

கோயில் முன்றலில் உங்கள் ஊதா ரீசேட்டுப் பிள்ளைகள் ஒரு பக்கமும், வெள்ளை உடுத்த ஊர்ச்சனம் மறுபக்கமுமாக ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்களாம். கடைசியில் பங்குச் சுவாமியார் ஒலிபெருக்கியில், சூசைப்பிள்ளை உயிரோடுதான் இருக்கிறார், ஒருவரும் கலங்க வேண்டாம் என்று அறிவித்தார். நடையும் இல்லை, விளக்கமும் இல்லை, எல்லாரும் வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டு கலைந்து போனார்கள். ஊருக்கு அத்தோடு முடிந்தது. உன் அப்பாவுக்கு முடியவில்லை. மத்தியானம் நான் அடுப்பில் மீன்குழம்பை வைத்தபோது குசினிக்குள் வந்தவர், "செத்தவீட்டில அடுப்பு மூட்டுறியே? உனக்கென்ன விசரே?" என்று கத்தி, ஒரு வாளித் தண்ணீரை அப்படியே சட்டியோடு அடுப்பில் ஊற்றினார். சவப்பெட்டி இன்னும் எடுக்கவில்லையாம், எடுக்காத வீட்டில் சமைக்கக் கூடாதாம்.

அன்று பின்னேரம்தான் உனக்குப் போன் எடுத்தேன். நான் சொல்லச் சொல்ல முதலில் ஐயோ என்றாய். பிறகு சிரிப்பை அடக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. பிறகு சொன்னாய்: "ஒரு விதத்தில பாருங்கோ அம்மா, இவ்வளவு சனம் வந்திருக்கு. இனி ஊர் முழுக்க இந்த வருத்தத்தைப் பற்றித்தான் கதைக்கும். அதுவும் விழிப்புணர்வுதானே. ஆராவது வீடியோ எடுத்தவையே?" அந்த இடத்தில்தான் போனை வைத்தேன். இன்னும் கொஞ்ச நேரம் பிடித்திருந்தால் ஒரு தாய் மகனுக்குச் சொல்லக்கூடாத சொல் ஏதாவது வாயில் வந்திருக்கும்.

வீடியோ என்றதும் எனக்குப் போன நத்தார்ப் பண்டிகைதான் நினைவுக்கு வந்தது. நீ வந்து நின்ற நாட்களில் ஒருநாள், அப்பாவைக் கதிரையில் இருத்தி, முகத்துக்கு நேரே போனைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, நான் ஆர்? என்ர பேரென்ன?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாய். அந்த வீடியோவுக்கு அவருக்குத் தலை சீவிவிட்டது நான்தான். அவர் முதலில் சிரித்துச் சமாளித்தார். "தெரியும், தெரியும்" என்றார். பிறகு யாராவது விடையைச் சொல்லித் தரமாட்டார்களா என்பது மாதிரி என்னைப் பார்த்தார். பிறகு கண் கலங்கி எழும்பிப் போய்விட்டார். அதை லண்டனில் நீங்கள் காசு சேர்க்க வைத்த இராவிருந்தில் பெரிய திரையில் போட்டபோது மண்டபமே அழுததாம், அந்த இடத்தில்தான் ஆட்கள் அள்ளிக் கொடுத்தார்களாம். நீ பெருமையாகச் சொன்னாய். தகப்பனுக்குப் பரீட்சை வைத்து, அவர் தோற்றதைக் காட்டிக் காசு வாங்கினாய் என்று அன்றைக்கே சொல்லியிருப்பேன். நீ பயணம் போகிற நேரம் என்று விழுங்கிக்கொண்டேன். இப்போது சொல்கிறேன்.

உனக்கு நினைவிருக்க நியாயமில்லாத ஒன்றையும் சொல்கிறேன். சண்டைக் காலத்தில் இந்த மன்னார்த் தீவை விட்டு ஓடி, மடுக் கோயிலடியில் மரத்துக்குக் கீழே தறப்பாள் கட்டி இருந்தோம். நீ அப்போது சின்னவன். உடம்பெல்லாம் சிரங்கு, மூக்குச்சளி, இடுப்பில் துணி இல்லை. சோற்றுக்கு வரிசையில் நின்றபோது வெளியே இருந்து வந்த ஒருவர் உன்னைக் கண்டுவிட்டு, கமராவோடு உன் முன்னால் குந்தினார். அப்பா தோளில் கிடந்த துவாயை எடுத்து உன்னைத் தலையோடு மூடினார். வந்தவர் கெட்டவர் இல்லை. இப்படியான படத்தைப் பார்த்தால்தான் வெளியில் இருக்கிறவர்கள் உதவி செய்வார்கள் என்று பொறுமையாக விளக்கம் சொன்னார். அப்பாவும் பொறுமையாகத்தான் பதில் சொன்னார்: "அப்ப என்னை எடுங்கோ. எனக்கு ஓம் எண்டு சொல்லத் தெரியும். இவனுக்குத் தெரியாது." அன்றைக்குப் பசியோடு நின்ற அந்த வரிசையில், உன் முகம் உன்னுடையது என்று ஒரு மனிதர் நினைத்தார். இப்போது ஓம் என்று சொல்லத் தெரியாதவர் அவர்தான். நீ அவரை மூடிக் காப்பாற்றியிருக்க வேண்டும். நீயோ பெரிதாக்கி மதிலில் ஒட்டினாய். இதை நினைக்கிறபோது எனக்கு உன்மேல் வருகிற ஆத்திரம் சொல்லி அடங்காது.

உங்கள் வேலையை விடச் சொல்லி நான் எழுதவில்லை, அப்படி உன் கமிட்டியில் யாராவது நினைத்தால் திரும்ப ஒருமுறை வாசிக்கட்டும். விளக்கம் வேண்டும். இந்தத் தீவில் எத்தனை வீட்டில் அப்பாவைப் போன்றவர்களை அறைக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள் என்று எங்கள் பெண்களுக்குத் தெரியும், வெளியே சொல்ல வெட்கப்படுகிறார்கள். காசும் வேண்டும். எப்படிச் சேர்ப்பது என்று கேட்டால், அதற்கும் வழி கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பவுல் மாமா வந்தார். என் முகத்தை நேரே பார்க்கக் கூச்சப்பட்டுக்கொண்டு நின்றார். "தங்கச்சி, நாங்கள் ஒருநாள் பிடிக்கிற மீன் முழுக்க இந்த விசயத்துக்குத் தாறம். கரையில மீன் ஏலம் போடேக்க அந்தப் பிள்ளை மைக்கில நிண்டு, இது என்ன வருத்தம் எண்டு எங்கட சனத்துக்கு விளங்கப்படுத்தட்டும். சூசையண்ணையின்ர படம் மட்டும் வேண்டாம்" என்றார். ஒருநாள் தொழிலை உங்கள் நோட்டீஸால் இழந்த மனிதர், இன்னொரு நாளைத் தானாகக் கொடுக்கிறார். அந்தப் பிள்ளையும் ஓம் என்றுவிட்டாள். மதில்களில் இருந்த நோட்டீஸை அவளும் நம் அயல் பெண்களும் வாளியும் தகடுமாகப் போய்ச் சுரண்டி எடுத்துவிட்டார்கள்.

அந்தப் பிள்ளை மைக்கில் என்ன சொல்ல வேண்டும் என்று என்னிடம் கேட்டாள். நான் சொன்னது உனக்கும்தான். வருகிற ஒவ்வொருவரும் அவருக்கு முன்னால் குனிந்து, என்னைத் தெரியுதோ, நான் ஆர் சொல்லுங்கோ பாப்பம் என்று கேட்கிறார்கள். கேட்காதீர்கள். உங்கள் பெயரை நீங்களே சொல்லிவிட்டுப் பக்கத்தில் இருங்கள். அவர் தன் அம்மாவைத் தேடினால், அவ செத்து எத்தனை வருடம் என்று சொல்லி அவரைத் திரும்பத் திரும்ப அநாதையாக்காதீர்கள். இன்னொன்று, சேர்கிற காசில் ரீசேட் அடிக்க வேண்டாம். பின்னேரங்களில் பழகின ஓர் ஆள் வந்து இப்படியான மனிதரோடு இருக்க ஒழுங்கு செய்யுங்கள். அந்த நேரத்தில் வீட்டில் இருக்கிறவள் பூசைக்குப் போவாள், தலை முழுகுவாள், இல்லாவிட்டால் கதவைச் சாத்திவிட்டுக் கொஞ்சம் அழுவாள். எனக்கு அதுகூட நேரம் கிடைப்பதில்லை.

இனி நான் எழுத வந்த விசயம். இந்த ஊர் அந்தச் சனிக்கிழமையை மறக்கத் தொடங்கிவிட்டது. எதையும் மறக்கிற உன் அப்பா அதை மட்டும் விடமாட்டேன் என்கிறார். எந்த வீடு, யார் செத்தது, அதெல்லாம் மாறிமாறிச் சொல்கிறார். ஆனால் வீட்டில் ஒரு சாவு கிடக்கிறது என்கிற பாரம் நெஞ்சில் அப்படியே இருக்கிறது. நம் குசினியில் சமைத்த எதையும் தொடுவதில்லை. நான் பக்கத்து வீட்டில் போய்ச் சமைத்து, அந்த வீட்டுப் பெண் அதை ஒரு பெட்டியில் போட்டுப் படலை வழியாகக் கொண்டுவந்து கொடுக்கிறாள். செத்தவீட்டுக்கு அயலார் கொண்டுவருகிற சாப்பாடு என்று நினைத்துக் கொஞ்சம் சாப்பிடுகிறார். அதிலும் முதல் பிடியை, "பாவம், நீ ஒண்டும் தின்னேல்லை" என்று என் பக்கம் தள்ளுகிறார். ஆள் பாதியாகிவிட்டார். படுக்கச் சொன்னால், பெட்டிக்குப் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும் என்று வெறும் கூடத்தில் கதிரையைப் போட்டு இருக்கிறார். இவற்றை எல்லாம் எப்படியாவது சமாளிப்பேன். ஆனால் இப்போது படலையைத் திறந்துகொண்டு ரோட்டுக்குப் போகத் தொடங்கிவிட்டார். பஸ்கள் என்ன வேகத்தில் வரும் என்று உனக்குத் தெரியும். நேற்று நடு ரோட்டில் நின்று, வருகிற வான் வண்டிகளை எல்லாம் கைகாட்டி மறித்திருக்கிறார். பவுல் மாமாதான் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்.

என்னத்துக்கு ரோட்டுக்குப் போறீங்கள் என்று நான் கத்தினேன். பொறுமை இல்லை எனக்கு, நானும் மனிசிதானே. அவர் என்னை ஒன்றும் தெரியாதவளைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தார். "மூத்த மகன் வெளிநாட்டில. அவன் வாற வானைப் பாக்கிறன். அவன் வந்தாப்பிறகுதானே பெட்டி எடுக்கிறது" என்றார்.

மகன் பெயர் என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் தெரிந்திருக்காது. நீ வந்து முன்னால் நின்றாலும் உன்னை யாரோ என்றுதான் பார்ப்பார், அதற்கும் ஆயத்தமாக வா. போனைப் பையில் வை. நான் ஆர் என்று கேட்காதே. "மகன் வந்திட்டன், அப்பா" என்று சொல். பிறகு அவர் சவக்காலை வரைக்கும் நடக்க வேண்டும் என்றால் கையைப் பிடித்துக்கொண்டு நட. திரும்பி வந்து தலை முழுக வேண்டும் என்றால் கிணற்றடியில் தண்ணீர் அள்ளி ஊற்று. அதோடு அவருக்கு மனம் ஆறுமா, மறுநாள் விடிய எழும்பி அடுப்பை மூட்டச் சொல்வாரா, எனக்குத் தெரியாது. டொக்டருக்கும் தெரியாது.

உன் அப்பா ஒருநாள் உண்மையாகவே மோசம் போவார். சொன்ன உடனே லீவு எடுப்பாய், கிடைத்த பிளேனில் ஏறி ஓடி வருவாய், பெட்டியைப் பிடித்துக்கொண்டு அழுவாய், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்தச் செத்தவீட்டுக்கு நீ வராவிட்டாலும் பரவாயில்லை, நாங்கள் பார்த்து எடுப்போம். இந்தச் செத்தவீட்டுக்கு வா. இதில் அவர் உன்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

அம்மா